பொதுமன்னிப்பு: எங்கட ஆளுக்கென்றால் கருணை, மற்றவன்ட ஆளுக்கென்றால் அநீதியா?

கரவெட்டிப் பெடியன்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிற விஷயம் இது, வீட்டில் கதைத்தால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் இங்கே கொண்டுவந்து போடுகிறேன்.

போன கிழமை நெல்லியடிச் சந்தை வாசலில் மேசை போட்டு, தமிழ் அரசியல் கைதிகளை ஜனாதிபதி பொதுமன்னிப்பில் விடவேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் மரக்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டுப் பேனையை வாங்கிப் பெயரை எழுதினேன். முகவரிக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. ஏனென்றால் முதல்நாள் இரவுதான் எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் பெரிய பிரசங்கம் வைத்திருந்தேன்: ஒரு தனிமனிதர் நீதிமன்றத் தீர்ப்பை ஒரு கையெழுத்தால் அழிக்கிற இந்த அதிகாரமே நாட்டுக்குத் தேவையில்லை, அரசியலமைப்பில் இருந்து வெட்டி எறியவேண்டும் என்று. பன்னிரண்டு பேர் பெருவிரல் காட்டியிருந்தார்கள். மறுநாள் காலை அதே அதிகாரத்தைப் பாவிக்கச் சொல்லி நானே கையெழுத்து வைக்கப் போகிறேன்.

என் பிரசங்கத்துக்குக் காரணம் உங்களுக்கும் தெரியும். 2019 நவம்பரில் ஜனாதிபதி மைத்திரி பதவியை விட்டுப் போகிற கடைசி நாட்களில், ராஜகிரிய ரோயல் பார்க் தொடர்மாடியில் 19 வயதுப் பிள்ளையைக் கொன்றவருக்கு மன்னிப்பு. 2020 மார்ச்சில் கோட்டாபய, மிருசுவில் கொலையாளி சுனில் ரத்நாயக்கவுக்கு. 2021 ஜூனில் பொசன் போயாவன்று அரசியல்வாதி துமிந்த சில்வாவுக்கு, அதுவும் நான்கு பேர் செத்த வழக்கில் மரணதண்டனை பெற்று, ஐந்து நீதிபதிகள் மேன்முறையீட்டில் உறுதிப்படுத்திய ஆள், வெளியே வந்து சில கிழமைகளில் வீடமைப்பு அதிகாரசபைத் தலைவர்!

இப்போது மறுபக்கம். 2018 மார்ச்சில் கிளிநொச்சியில் ஆயுள்தண்டனைக் கைதி ஒருவரின் மனைவி இறந்து, இறுதிக் கிரியைக்காகச் சில மணி நேரம் மட்டும் அவரைக் கூட்டிவந்தார்கள். திரும்பிப் போகும்போது சின்ன மகள் அப்பாவின் பின்னாலேயே நடந்து சிறைச்சாலை வாகனத்தில் ஏறினாள். அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டு என்னுடைய அப்பா, அழுது நான் கண்டதேயில்லை அந்த மனிதர், எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையெழுத்து வாங்கினார்கள், ஊர்வலம் போனார்கள், மனு மேல் மனு. மைத்திரியின் காலம் முடியும்வரை அந்த மன்னிப்பு வரவில்லை. ரோயல் பார்க்குக்கு மட்டும் பேனையில் மை இருந்தது.

என் கேள்வி இதுதான். நாங்கள் உண்மையில் நீதியைக் கேட்கிறோமா, எங்களுடைய ஆட்களைக் கேட்கிறோமா? அதிகாரம் இருக்கலாம் என்றால் துமிந்தவுக்குக் கொடுத்தபோது என்ன வாயால் கத்தினோம்? இருக்கக்கூடாது என்றால் சந்தை வாசலில் எனக்கு என்ன வேலை? அப்பா சொல்கிறார், “நீ கனக்க யோசிக்கிறாய், கையெழுத்தை வைச்சிட்டு வந்து கத்தரிக்காயை நறுக்கு” என்று.

(அரைகுறைக் கையெழுத்தோடு திரும்பிவிட்டேன். பெயர் மட்டும் இருக்கிறது, முகவரி இல்லை.)

---

கறுப்புக் கோட்டு:

தம்பி, சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், அரசியலை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வவுனியாவில் பதினெட்டு வருஷமாகக் கோடு ஏறி இறங்குகிற ஆள் நான்.

நீங்கள் சொல்கிற “ஒரு கையெழுத்தால் அழிக்கிற அதிகாரம்” என்பது பாதிதான் சரி. அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். மன்னிப்பு கொடுக்கலாம், தண்டனையைக் குறைக்கலாம், இலகுவானதாக மாற்றலாம், ஒத்திவைக்கலாம். ஆனால் மரணதண்டனை என்று வந்தால் ஜனாதிபதி நேரே பேனையைத் தூக்க முடியாது. வழக்கை விளங்கிய நீதிபதியிடம் அறிக்கை கேட்கவேண்டும், அது சட்டமா அதிபரின் ஆலோசனைக்குப் போகவேண்டும், பிறகு நீதியமைச்சருக்கு, அவர் தன் சிபாரிசோடு மேலே அனுப்பவேண்டும். மூன்று வாசல். வாசலை எல்லாம் தாண்டிக் குதித்து ஜன்னலால் ஆளை இறக்கியதுதான் பிரச்சினையே தவிர, வீடு இருப்பது பிரச்சினை இல்லை.

முந்திய காலத்தில் இதை யாரும் கேட்கவும் முடியாது. ஜனாதிபதிக்கு வழக்கு விலக்குரிமை, கதை முடிந்தது. 2015இல் 19ஆம் திருத்தம் வந்த பிறகுதான் அவருடைய பதவிச் செயல்களுக்கு எதிராக, சட்டமா அதிபரைப் பிரதிவாதியாகப் போட்டு, அடிப்படை உரிமை மீறல் மனு போடக்கூடியதாக வந்தது. அந்தச் சின்ன ஓட்டையால்தான், துமிந்தவின் வழக்கில் கொல்லப்பட்ட பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திரவின் மகள் ஹிருணிகாவும் தாயும் உள்ளே போனார்கள். 2022 மே 31 உயர் நீதிமன்றம் துமிந்தவின் மன்னிப்பை இடைநிறுத்தியது, 2024 ஜனவரி 17 முழுதாக ரத்துச் செய்தது. அதே வருஷம் ஜூன் 6ஆம் திகதி ரோயல் பார்க் மன்னிப்பும் ரத்து. ஆள் எப்போதோ நாட்டை விட்டுப் போய்விட்டார், அது வேறு கதை. கோழி போன பிறகு கூட்டைப் பூட்டிய மாதிரி என்று நீங்கள் சொல்லலாம், ஆனால் எங்களைப் போன்ற ஆட்களுக்கு அந்தப் பூட்டு பெரிய விஷயம். மன்னிப்புக்கும் காரணம் சொல்லவேண்டும் என்று இந்த நாட்டில் ஒரு தீர்ப்பு இருக்கிறது இப்போது.

இன்னொன்று, இதைப் பலர் குழப்புகிறார்கள். 34ஆம் உறுப்புரை குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவருக்குத்தான். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்கு முடியாமல் வருஷக்கணக்காக இழுபடுகிறவனுக்குப் பொதுமன்னிப்பு கேட்பதில் அர்த்தமே இல்லை. அவனை எதற்கு மன்னிப்பது? அவனுக்குத் தேவை பிணை, அல்லது சட்டமா அதிபர் வழக்கை மீளப்பெறுவது. மேசை போட்டவர்களிடம் அந்தத் தாளில் எந்த வகைக் கைதிகளைப் பற்றி எழுதியிருக்கிறது என்று கேட்டீர்களா?

---

கச்சாய் அக்கா:

எனக்குச் சட்டம் தெரியாது தம்பி. மிருசுவில் தெரியும்.

2000ஆம் ஆண்டு டிசம்பர். சனம் இடம்பெயர்ந்து உடுப்பிட்டிப் பக்கம் இருந்தது. கொஞ்சப் பேர் தங்களுடைய வீடு வளவு எப்படிக் கிடக்கிறது என்று பார்த்து, எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு வரலாம் என்று போனவர்கள். வீடு பார்க்கப் போவது என்றால் என்ன என்று இடம்பெயர்ந்த ஆட்களுக்கு விளங்கும். ஓடு இருக்கிறதா, தேங்காய் விழுந்து கிடக்கிறதா, கிணற்றுக்குள் என்ன போட்டிருக்கிறார்கள், இதுதான். எட்டுப் பேர் திரும்பி வரவில்லை. அதில் ஒருவனுக்கு ஐந்து வயது. புதைகுழிக்குள் இருந்து எடுத்தார்கள். தப்பி ஓடிவந்த ஒரு ஆள் வாய் திறந்ததால்தான் அதுவும் தெரிந்தது, இல்லாவிட்டால் காணாமல் போனோர் பட்டியலில் இன்னும் எட்டுப் பெயர் கூடியிருக்கும்.

அந்த ஆள் பிறகு கொழும்புக்குப் போய் மூன்று நீதிபதிகளுக்கு முன்னால் சாட்சி சொன்னார். வழக்கு 2015 ஜூனில்தான் முடிந்தது. ஐந்து இராணுவத்தினருக்கு எதிரான வழக்கு, நான்கு பேர் விடுதலை, ஒருவருக்கு மரணதண்டனை. 2019 ஏப்ரலில் மேலேயும் சரி என்று சொல்லிவிட்டார்கள். எங்களுடைய ஆட்களுக்கு நடந்த எத்தனையோ விஷயங்களில் கடைசிவரை போய் நின்ற வழக்கு என்று விரல் விட்டு எண்ணக்கூடியவற்றில் ஒன்று இது. அதை ஒரு வருஷம்கூட வைத்திருக்க விடவில்லை.

2020 மார்ச் 26. கொரோனா ஊரடங்கு. கடைக்குப் போக முடியாது, கோயில் பூட்டு, நாங்கள் படலையைச் சாத்திக்கொண்டு இருக்கிறோம், ரேடியோவில் சொல்கிறார்கள் ஆள் வெளியில் என்று. ஒரு பதாகை பிடிக்கக்கூட நாலு பேர் கூட முடியாத நாளாகப் பார்த்துத் திறந்துவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது என்னவென்றால், பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு முதலில் ஒரு சொல், “இப்படிச் செய்யப் போகிறோம், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்” என்று கேட்க ஒரு கிராமசேவகரைக்கூட அனுப்பினதாக நான் கேள்விப்படவில்லை. மன்னிப்பு என்கிற சொல்லைப் பாருங்கள். யார் யாரை மன்னிப்பது? இழந்தவன் மன்னித்தால் மன்னிப்பு. இழக்காதவன் மன்னித்தால் அதற்கு வேறு பெயர்.

கையெழுத்தை வையுங்கோ. அந்தப் பிள்ளை வாகனத்தில் ஏறினதும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் ஒன்று, அரசியல் கைதி என்று நாங்கள் சொல்கிற ஆட்களில் யாருடைய வழக்கிலாவது செத்த சனம் இருந்தால், அந்தச் சனத்தின் வீட்டுக்கும் யாரும் போய்க் கேட்கவில்லை என்பதையும் நினைத்துக்கொண்டு வையுங்கோ. இதைச் சொன்னதற்காக என்னைத் திட்டுகிறவர்கள் திட்டலாம்.

---

இரும்புச்சட்டி:

சுத்தமாக ஒழிக்க வேண்டும். முடிந்தது. தீர்ப்பு பிழை என்றால் மேன்முறையீடு இருக்கிறது. அதற்கு மேல் ஒரு மனிதருக்கு இந்த அதிகாரம் எதற்கு, இவர் என்ன நல்லூர் கந்தனா? கருணை காட்டுகிற வேலையைக் கோயில் பார்க்கட்டும். மில்றோய் பெர்னாண்டோ என்ற அமைச்சரின் மனைவிக்கு இரட்டைக் கொலை வழக்கில் மகிந்த 2009இல் மகளிர் தினத்தன்று மன்னிப்பு கொடுத்ததை யாராவது ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? மகளிர் தினம்! நீதிமன்றத்தை அவமதித்த வழக்கில் ஆறு வருஷம் உள்ளே இருக்கவேண்டிய பொதுபல சேனா ஞானசார தேரர் ஒரு வருஷம்கூட இருக்கவில்லை, 2019 மே மாதம், ஈஸ்டர் குண்டு வெடித்து ஒரு மாதத்தில், நாடு பற்றி எரிகிற நேரத்தில் வெளியே விட்டார்கள். இந்த அதிகாரம் இருக்கும்வரை இதுதான் நடக்கும். இடையில் ஒரு ஏழைத் தமிழனுக்கும் ஒரு துண்டு கிடைக்காதா என்று வாசலில் நிற்பதுதான் எங்கள் அரசியல்.

---

மதுரைக்காரன்:

இந்தப் பக்கம் தமிழ்நாட்டிலிருந்து ஒரு குரல். முதலில் ஒரு சந்தேகம் தீர்ந்தது: நீங்கள் “உயர் நீதிமன்றம்” என்று சொல்வது எங்கள் ஊர் “உச்ச நீதிமன்றம்”, அதானே? கறுப்புக் கோட்டு ஐயா எழுதியதைப் பாதி படித்துவிட்டு, என்னடா ஹைகோர்ட்டே ஜனாதிபதி உத்தரவை ரத்து செய்கிறதே என்று கொஞ்ச நேரம் குழம்பிப் போனேன்.

இரும்புச்சட்டி அண்ணனுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. மேன்முறையீடு போதும் என்றால், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற பேரறிவாளன் இன்று உயிரோடு இருந்திருக்க மாட்டார். 1991 ஜூனில் பிடித்தபோது 19 வயது. 1999இல் உச்ச நீதிமன்றமே தூக்கை உறுதி செய்துவிட்டது, மேல்முறையீடு என்ற ஏணியில் அதற்கு மேல் படியே கிடையாது. அவர் மேல் இருந்த முக்கியமான குற்றச்சாட்டு 9 வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தது, ஆதாரம் தடா சட்டத்தில் போலீஸ் அதிகாரி பதிவு செய்த வாக்குமூலம். அதைப் பதிவு செய்த அதிகாரியே 2013இல், “பேட்டரி எதற்கு என்று எனக்குத் தெரியாது என அவர் சொன்ன பகுதியை நான் எழுதவில்லை” என்ற அர்த்தத்தில் வெளியே வந்து சொன்னார். எத்தனை வருஷம் கழித்து! அந்த நேரத்தில் நீதிமன்றக் கதவெல்லாம் சாத்தியாகிவிட்டது, திறந்திருந்தது கருணை மனு என்ற ஒரே ஜன்னல்தான். உங்கள் ஊர் பயங்கரவாதத் தடைச் சட்டத்திலும் போலீஸ் அதிகாரி வாங்கிய வாக்குமூலம் செல்லும் என்று படித்திருக்கிறேன். அப்படி ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு மன்னிப்பை மட்டும் எடுத்துவிட்டால் உள்ளே போனவன் கதி?

அதற்காக எங்கள் ஊரில் எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் குடியரசுத் தலைவரும் ஆளுநரும் தங்கள் இஷ்டத்துக்குச் செய்ய முடியாது, அமைச்சரவை சொல்படிதான். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நடந்தது என்ன? கருணை மனு 11 வருஷம் டெல்லியில் தூங்கியது, 2011இல் நிராகரித்து செப்டம்பர் 9 தூக்கு என்று நாள் குறித்தார்கள், கடைசி நேரத்தில் சென்னை உயர் நீதிமன்றம் (எங்கள் உயர் நீதிமன்றம்!) தடை போட்டது. 2014இல் அந்தத் தாமதத்தையே காரணம் காட்டி ஆயுளாகக் குறைத்தார்கள். 2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை அந்த வழக்கில் உள்ளே இருந்த ஏழு பேரையும் விடலாம் என்று தீர்மானம் போட்டு ஆளுநருக்கு அனுப்பியது. அவர் அதன் மேல் இரண்டு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு குடியரசுத் தலைவருக்குத் தள்ளிவிட்டார். கடைசியில் 2022 மே 18 உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 142ஆம் பிரிவில் தானே விடுதலை செய்தது. உங்கள் ஊரில் ஜனாதிபதி ஒரே ராத்திரியில் கையெழுத்துப் போடுகிறார், எங்கள் ஊரில் முப்பது வருஷம் யாரும் போடவே இல்லை. பேரறிவாளனின் அம்மா அற்புதம்மாள் ஒவ்வொரு ஆபீஸ் வாசலாக ஏறி இறங்கியதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள்.

கச்சாய் அக்கா கடைசியில் சொன்னதுக்கு வருகிறேன். பேரறிவாளன் வெளியே வந்த அன்று எங்கள் தெருவில் இனிப்பு கொடுத்தார்கள், நானும் வாங்கிச் சாப்பிட்டேன். அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு செத்தவர்களில் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் குடும்பத்திலிருந்து ஒருவர் அன்று டிவியில் பேசியதை என் பெரியப்பா, அவரும் ரிட்டயர்ட் ஏட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இனிப்பை நீட்டினேன், வாங்கிக்கொள்ளவில்லை. எதுவும் சொல்லவும் இல்லை.

---

கொழும்புத் தமிழன்:

அந்தப் பக்கம் சிங்களச் சனம் என்ன நினைக்கிறது என்று யாரும் எழுதவில்லை, அதனால் என் பங்குக்கு.

எங்கள் கந்தோரில் என்னோடு ஒன்பது வருஷமாக ஒரே மேசைவரிசையில் இருக்கிற சிங்கள அக்கா ஒருவர். நல்ல மனுஷி, எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று நாள் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தவர். 2020 ஜூனில் ஊரடங்கு எடுத்துக் கந்தோர் திறந்த பிறகு, சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டே ரத்நாயக்க கதை வந்தது. “பாவம், ரணவிருவா (போர்வீரர்) ஒருத்தர், யுத்தத்தில் நடந்ததற்குத் தனியே ஒருவரைப் பிடித்துவைத்திருப்பது என்ன நியாயம்” என்றார். தேர்தல் மேடையிலேயே சிறையில் இருக்கிற படையினரை விடுவேன் என்று கோட்டா சொல்லி, அதற்குக் கைதட்டும் விழுந்து, வாக்கும் விழுந்தது என்பதை மறக்காதீர்கள். இது இரகசியமாக நடந்த விஷயம் இல்லை, வாக்குறுதி.

நான் சண்டை போடவில்லை, பருப்பைக் குழைத்துக்கொண்டே, அதில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றும் இருந்தது தெரியுமா என்று மட்டும் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. உண்மையாகவே தெரியாது, நடிக்கவில்லை. கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. “புலி இல்லையா?” என்றார். இல்லை, வீடு பார்க்கப் போன ஆட்கள் என்றேன். அதோடு அன்றைய கதை முடிந்தது.

ஒரு வருஷம் கழித்துத் துமிந்தவை விட்ட அன்று அதே அக்கா கொதித்துப் போய் நிற்கிறார். “கோடு ஏன், ஜட்ஜ் ஏன், பெரிய இடத்துப் பிள்ளை என்றால் எல்லாம் நடக்கும்” என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் பஸ்ஸுக்குப் போகும்போது அவராகவே, “அன்றைக்கு நீ சொன்னதும் இதுதான் என்ன?” என்றார். இதை நான் பெரிய இன நல்லிணக்கக் கதையாகச் சொல்லவில்லை, ஏனென்றால் அடுத்த நாளே அவர், “ஆனாலும் அது யுத்தம்” என்றும் சொன்னார்.

துமிந்தவோடு அதே நாளில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தண்டனை பெற்ற 16 தமிழர்களையும் விட்டார்களே, அதை யாரும் கவனித்தீர்களா? பெரும்பாலானோர் தண்டனையின் கடைசிப் பகுதியில் இருந்தவர்கள். எனக்கு அது கசப்பு மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்த மாதிரித்தான் இருந்தது. பழம் நாங்கள். எங்கள் ஆட்கள் வெளியே வந்ததற்குச் சந்தோஷப்படுவதா, அதே பட்டியலில் முதலில் நின்ற பெயருக்கு வயிறு எரிவதா என்று தெரியாமல் அன்று என் அண்ணன் முகப்புத்தகத்தில் ஒரு பதிவு எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் பூனைப் படம் போட்டார்.

---

வெசாக் கூடு:

நான் சிறைக் கைதிகளின் குடும்பங்களுக்கு உதவி செய்கிற ஒரு சின்னக் குழுவில் தொண்டராக இருக்கிறேன். இங்கே எல்லோரும் பேப்பரில் வந்த பெயர்களைப் பற்றியே கதைக்கிறீர்கள். வெசாக், சுதந்திர தினம், நத்தார் என்று ஒவ்வொரு முறையும் சில நூறு பேர் பொதுமன்னிப்பில் வருகிறார்களே, அவர்கள் யார் என்று பார்த்திருக்கிறீர்களா? நான் கண்டவர்களில் கனபேர் தண்டப்பணம் கட்ட முடியாமல் உள்ளே கிடந்தவர்கள். கசிப்பு (கள்ளச்சாராய) வழக்கு, சின்னக் களவு. ஒரு முறை வெளியே வந்த ஒரு வயதானவர், கட்டவேண்டி இருந்த தண்டத்தைவிடக் கூடுதலான காசை அவருடைய மனைவி பார்க்க வந்துபோன பஸ்ஸுக்கே செலவழித்திருந்தார். வாசலில் சேர்ட்டு பொத்தானைப் பூட்டத் தெரியாமல் நின்றார், கை நடுக்கம். இரும்புச்சட்டி அண்ணை ஒழிக்கச் சொல்கிற அதிகாரம் இவரையும் வெளியே விட்ட அதிகாரம்தான்.

ஆனால் அதிலும் ஊழல் பூந்துவிட்டது என்பதுதான் வயிற்றெரிச்சல். 2025 வெசாக்குக்கு 388 பேர் பட்டியல். அனுராதபுரம் சிறையில் இருந்து நிதிமோசடி வழக்கில் தண்டனை பெற்ற ஒருவர், பட்டியலில் பெயரே இல்லாமல், பொதுமன்னிப்பு என்று சொல்லி வெளியே போய்விட்டார். ஜனாதிபதி செயலகம் நாங்கள் இந்தப் பெயரை அனுமதிக்கவே இல்லை என்றது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் இறங்கி, கடைசியில் சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகமே கைது. அதாவது ஜனாதிபதி பிழையாகக் கையெழுத்து வைத்த காலம் போய், ஜனாதிபதியின் கையெழுத்தே தேவையில்லாமல் மன்னிப்பு கிடைக்கிற காலத்துக்கு வந்துவிட்டோம்.

பட்டியலை வெளியே போடச் சொல்லுங்கள். யார், எந்த வழக்கு, எத்தனை வருஷம் முடித்தார், ஏன் விடுகிறீர்கள், அவ்வளவுதான், வர்த்தமானியில் ஒரு பக்கம் போதும். அந்தத் தண்டப்பணக்காரரின் பெயரைப் போட்டால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சொல்லப் போகிற பெயர்களைத்தான் அவர்கள் மறைக்கிறார்கள்.

---

இரும்புச்சட்டி:

சரி சரி, பொத்தான் பூட்டத் தெரியாத ஐயாவைக் கொண்டுவந்து என் வாயை அடைத்துவிட்டீர்கள். தண்டப்பணக்காரருக்கு இருக்கட்டும். கொலைக்கு வேண்டாம்.

---

கறுப்புக் கோட்டு:

கொலைக்கும் வேண்டும் தம்பி. 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கில் போடவில்லை, ஆனால் மேல் நீதிமன்றங்கள் இன்னும் மரணதண்டனை தீர்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. போடவும் மாட்டார்கள், விடவும் மாட்டார்கள். அதை ஆயுளாகவோ வருஷக் கணக்காகவோ மாற்றுவதற்கு இருக்கிற வழி இதே 34தான். புருஷன் அடித்து அடித்துக் கடைசியில் ஒருநாள் அம்மிக்கல்லைத் தூக்கிப் போட்டவளும் அதே வரிசையில் இருப்பாள், துமிந்தவும் அதே வரிசைதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கரவெட்டித் தம்பி மைத்திரியை ஒரேயடியாகப் போட்டுத் தாக்கியிருக்கிறார். பொலன்னறுவையில் தன்னையே கொல்ல வந்த வழக்கில் தண்டனை பெற்ற ஒரு தமிழ் இளைஞனை அதே மைத்திரிதான் 2016 ஜனவரி 8, ஜனாதிபதித் தேர்தலில் வென்று ஒரு வருஷம் முடிந்த நாளில், மேடைக்குக் கூப்பிட்டுக் கைகொடுத்து மன்னித்து விட்டார். கச்சாய் அக்காவின் கணக்குப்படி பார்த்தால் இந்தப் பட்டியலில் உண்மையான மன்னிப்பு என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான். அதே மனிதர், அதே பேனை, கிட்டத்தட்ட நான்கு வருஷம் கழித்து ரோயல் பார்க். அவர் உயிரை மன்னிக்க அவருக்கு உரிமை இருந்தது, மற்றவன் பிள்ளையை மன்னிக்கத்தான் மூன்று வாசல் வைத்திருக்கிறார்கள்.

---

கரவெட்டிப் பெடியன்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மைத்திரி விஷயம் எனக்கு மறந்தே போயிருந்தது, வாட்ஸ்அப் குழுவில் அதையும் போட்டேன், பெருவிரல் ஒன்றுகூட விழவில்லை.

அப்பாவுக்குக் கச்சாய் அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன். கடைசிப் பந்தியை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு, “கேட்டிருக்கத்தான் வேணும்” என்றார். யாரை யார் என்று நான் கேட்கவில்லை.

கறுப்புக் கோட்டு ஐயா கேட்ட கேள்விக்காக இன்று காலை சந்தைக்குப் போனேன், அந்தத் தாளில் தீர்ப்பு வந்தவர்கள், வராதவர்கள் என்று பிரித்து எழுதியிருக்கிறதா என்று பார்க்க, முகவரியையும் எழுதி முடிக்க. மேசை இல்லை. முருங்கைக்காய் விற்கிற அம்மா, அவர்கள் முந்தநாளே கட்டிக்கொண்டு போய்விட்டார்கள், இனிக் கொடிகாமம் சந்தையிலாம் என்றார். மிருசுவிலுக்குப் பக்கத்து ஊர். சனிக்கிழமை போகிறேன், அப்பாவும் வருகிறாராம்.